எழும் நிலவின் அளவும் நிறமும்: ஒரு கடிதம்

வணக்கம்.

முழுநிலவு எழும்போது மிகப் பெரிதாகவும் செம்மஞ்சளாகவும் தெரிகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் சிறுத்து, வெளுத்துவிடுகிறது. காற்றுமண்டலம் பூதக்கண்ணாடிபோல வேலை செய்வதுதான் காரணம் என்று பள்ளியில் கேட்ட நினைவு. ஆனால் கைபேசியில் படமெடுத்தால் அதே நிலவு பொட்டளவில்தான் வருகிறது. பத்திரிகைப் படங்களிலோ கட்டடத்தைவிடப் பெரிய நிலவு! எதை நம்புவது? நிறமும் அளவும் ஒரே காரணத்தால்தான் மாறுகின்றனவா?

ம.

அன்புள்ள ம.,

இல்லை, இரண்டுக்கும் காரணம் வேறு. சிவப்பு காற்றில் உண்டாகிறது, கேமராவிலும் பதிவாகும். பெருக்கம் நம் பார்வையில் உண்டாகிறது. எந்தக் கேமராவிலும் பதிவாகாது. காற்று பெரிதாக்கிக் காட்டுகிறது என்ற விளக்கம் மிகப் பழையது. 2ஆம் நூற்றாண்டில் வானியலாளர் தாலமியே தொடுவானத்து ஈரக்காற்றைக் காரணமாகச் சொன்னார். 11ஆம் நூற்றாண்டில் ஒளியியல் அறிஞர் இப்னு அல்ஹைதம், இது பார்வையின் மயக்கம் என்று எடுத்துரைத்தார். ஆயிரம் ஆண்டு கழித்தும் பழைய விளக்கமே வகுப்பறைகளில் உலவுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஏனென்றால் உண்மை அதற்கு நேர் எதிரானது.

நிலவு நம் கண்ணில் பிடிக்கும் கோணம் சுமார் அரைப் பாகை. பூமிக்கு மிக அருகில் வரும்போது 0.56 பாகை, மிகத் தொலைவில் 0.49 பாகை. இந்த மாற்றம் நிகழ இரண்டு வாரம் ஆகும். ஓர் இரவுக்குள் நிகழாது. ஓர் இரவுக்குள் நிகழ்வது வேறு. தொடுவானில் இருக்கும் நிலவு, தலைக்கு மேல் இருக்கும் நிலவைவிடப் பூமியின் ஆரம் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 6,400 கி.மீ., கூடுதல் தொலைவில் இருக்கிறது. சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ. ஆகவே எழும் நிலவு, உச்சி நிலவைவிட ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல் சிறியது.

ஒளிவிலகலும், அதாவது காற்றில் ஒளி வளைந்து வருவதும், பெரிதாக்குவதில்லை. அது நிலவைத் தூக்கிக் காட்டுகிறது. தொடுவானில் இந்தத் தூக்கல் நிலவின் விட்டத்தைவிட அதிகம். கீழ் விளிம்பு தொடுவானைத் தொட்டு நிற்பதாக நாம் பார்க்கும் கணத்தில், முழு நிலவும் உண்மையில் தொடுவானுக்குக் கீழே இருக்கிறது. கீழ் விளிம்பு மேல் விளிம்பைவிடக் கூடுதலாகத் தூக்கப்படுவதால் உயரம் ஆறில் ஒரு பங்கு வரை நசுங்கும். அகலம் அப்படியே இருக்கும். ஆக, காற்று செய்வதெல்லாம் நிலவைச் சற்றுக் குறுக்குவதுதான்.

இதை நீங்களே சோதிக்கலாம். காகிதத்தில் துளையிடும் பஞ்ச் கருவி பொதுவாக 6 மி.மீ. துளை போடும். தடித்த அட்டையில் அப்படி ஒரு துளை போட்டு, கண்ணிலிருந்து சுமார் 66 செ.மீ. தள்ளிப் பிடித்தால் நிலவு அதில் பொருந்தி உட்காரும். அன்றைய தொலைவைப் பொறுத்து 62 முதல் 70 செ.மீ. வரை மாற்ற வேண்டியிருக்கும். பலர் தவறுவது கையில்தான்: நேரே பார்க்கும்போது முழங்கை நீள்கிறது, அண்ணாந்தால் மடங்குகிறது. அதனால் அட்டையில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையைப் பல்லில் கடித்து, நூல் விறைப்பாக இருக்கும்படி பிடியுங்கள். மறு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எழும்போது ஒரு முறை, நாலைந்து மணி நேரம் கழித்து ஒரு முறை. அதே நூல், அதே துளை, அதே பொருத்தம்.

அப்படியானால் ஏன் பெரிதாகத் தோன்றுகிறது? 1962இல் உளவியலாளர்கள் லாய்ட் காஃப்மன், இர்வின் ராக் இருவரும் செயற்கை நிலவுகளை வானில் தெரியச் செய்து, பார்ப்பவர்களை ஒப்பிடச் சொன்னார்கள். நிலப்பரப்பு கண்ணில் படும்போது தொடுவான நிலவு பெரிதாகப்பட்டது. நிலப்பரப்பை மறைத்ததும் அந்தப் பெருக்கம் போயிற்று. அவர்கள் தந்த விளக்கம் இது: மரம், வீடு, வயல் என்று விரிந்து செல்லும் பரப்பு தொடுவானை மிகத் தொலைவானதாக உணர்த்துகிறது, தலைக்கு மேல் அப்படி எந்த அடையாளமும் இல்லை. கண்ணில் ஒரே கோணம் பிடிக்கும் இரண்டு பொருள்களில், தொலைவில் இருப்பதாக மூளை கணிப்பதைப் பெரிதாக உணர்கிறோம்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. எழும் நிலவு அருகிலா, தொலைவிலா என்று கேட்டால் பெரும்பாலோர் அருகில் என்றே சொல்கிறார்கள். இதனால் அந்த விளக்கத்தை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், விவாதம் முடியவில்லை. என் கணிப்பில், நிலப்பரப்புக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பது உறுதி. அது மூளையில் எந்த வழியாக வேலை செய்கிறது என்பதுதான் தீராத பகுதி. குனிந்து கால்களுக்கிடையே தலைகீழாகப் பார்த்தால் நிலவு பலருக்குச் சுருங்கித் தெரியும். இன்னொன்று: விண்மீன் கூட்டங்களும் எழும்போது பரந்து தெரிகின்றன. ஓரியன் எழும்போது கவனியுங்கள். அங்கே ஒளிவட்டம் ஏதுமில்லை, புள்ளிகளுக்கு இடையே உள்ள வெளிதான் விரிகிறது. நிறத்துக்கும் பெருக்கத்துக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி சிவப்பு. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு, அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறும். உச்சியிலிருந்து வரும் ஒளி கடக்கும் காற்றை ஒரு பங்கு என்றால், 10 பாகை உயரத்தில் அது ஐந்தரைப் பங்கு, தொடுவானில் ஏறக்குறைய 38 பங்கு. தூசியே இல்லாத காற்றில்கூட, உச்சியிலிருந்து நீலத்தில் சுமார் 80 சதவீதம் நம்மை எட்டுகிறது, சிவப்பில் 95. பத்துப் பாகையில் நீலம் 29, சிவப்பு 76. தொடுவானிலோ சிவப்பில் 15 சதவீதம் மிஞ்சும்போது நீலத்தில் பத்தாயிரத்தில் இரண்டு பங்குதான் மிஞ்சுகிறது.

எல்லா நாளும் ஒரே சிவப்பு வராததற்குக் காரணம் காற்றில் கலந்திருப்பவை. நுண்ணிய புகைத்துகள் சிவப்பைக் கூட்டும். மூடுபனியின் நீர்த்துளிகள் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால் நிலவு மங்கலாகும், சிவக்காது. மழை கழுவிய காற்றில் வெளிர்மஞ்சளோடு நின்றுவிடும். துகள்கள் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் சீராக அமைந்துவிட்டால் நிலவு நீலமாகவே தெரியும். 1950இல் கனடாவின் காட்டுத்தீப் புகை பிரிட்டன் வரை சென்றபோது அப்படித் தெரிந்தது. சூரியன் மறைவதற்கு முன்பே எழும் நிலவு வெளிறித் தெரிவதற்குக் காரணம், அதன் மேல் படியும் வானத்தின் நீல ஒளி.

கடைசியாகப் பத்திரிகைப் படங்கள். அவை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 50 மீட்டர் கட்டடத்தை ஐந்தரைக் கி.மீ. தொலைவிலிருந்து பார்த்தால் அதன் உயரமும் நிலவின் விட்டமும் சமம். அங்கிருந்து, தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் நீண்ட டெலிஃபோட்டோ லென்ஸில் எடுக்கிறார்கள். உங்கள் கைபேசியின் அகல லென்ஸிலோ நிலவு படத்தின் அகலத்தில் நூறில் ஒரு பங்குகூட வராது.

கேமராவில் ஒப்பிட விரும்பினால் ஒரே ஃபோக்கல் நீளத்தில், அதாவது ஜூமை மாற்றாமல், எடுங்கள். 36 மி.மீ. அகல சென்சாரில் 6,000 பிக்சல் என்றால், 200 மி.மீ. லென்ஸில் நிலவு சுமார் 300 பிக்சல் வரும். எழும் நிலவு உச்சி நிலவைவிட நாலைந்து பிக்சல் குறையும். அகலத்தையே அளவிடுங்கள். ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பை) பகல் ஒளியில் நிறுத்துங்கள். தானியங்கியில் விட்டால் அது சிவப்பை வெளுத்துவிடும். உச்சி நிலவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 1/100 நொடி போதும். தொடுவானில் வெளிச்சம் மிகக் குறைவு, ஷட்டர் நேரத்தைக் கூட்ட வேண்டும். ஆனால் அதிகம் கூட்டினால் ஒளி விளிம்புக்கு வெளியே கசிந்து நிலவு பெரிதாகப் பதிவாகும். அரை நொடியைத் தாண்டினால் நிலவின் நகர்வே விளிம்பை மழுங்கடிக்கும்.