கிரெபஸ்குலர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? எங்கே பயன்படுத்தலாம்?

அந்தி வெளிச்சத்துக்கு உரிய, அந்தி நேரத்தில் இயங்குகிற என்று பொருள். அந்தியைக் குறிக்கும் 'கிரெபஸ்குலும்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உச்சரிக்கும்போது அழுத்தம் இரண்டாவது அசையில் விழ வேண்டும்: க்ரி-பஸ்-க்யு-லர்.

அந்தி என்றதும் நமக்கு மாலைதான் நினைவுக்கு வரும். இதில் விடியலும் அடக்கம். பழந்தமிழில் காலையந்தி, மாலையந்தி என்று இரண்டும் உண்டே, அந்த அந்திதான் இது. சூரியன் மறைந்ததிலிருந்து அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்வரை உள்ள நேரம் சென்னையில் சுமார் 22 நிமிடம். ஜூன் மாத லண்டனில் ஏறக்குறைய முக்கால் மணி. 

இந்தச் சொல் அதிகம் புழங்குவது விலங்கியலில். முயல், மான் வகைகள் பல, வீட்டுப் பூனை எல்லாம் கிரெபஸ்குலர். பூனை ராத்திரியில் சுற்றுகிறது என்பதால் அதை 'நாக்டர்னல்' என்று எழுதிவிடுகிறார்கள். அது ஆந்தை, தேவாங்கு போன்ற இரவு உயிரினங்களுக்கு உரியது. பகலில் இயங்குபவை 'டையர்னல்'. பூனையின் நடமாட்டம் உச்சத்துக்குப் போவது விடியலிலும் பொழுது சாயும்போதும். பகல் வெயிலும் இல்லை, கும்மிருட்டும் இல்லை. இரை தேடவும் பிறர் கண்ணில் படாமல் தப்பவும் தோதான நேரம். ஆனால் இது கறாரான கால அட்டவணை அல்ல. நிலவு காயும் இரவிலும் மேகமூட்டமான பகலிலும் இவை வெளியே வரும்.

மாலை அந்தி மட்டும் என்றால் 'வெஸ்பர்டைன்', விடியல் மட்டும் என்றால் 'மாட்யுடைனல்'. சாயங்காலம் மலரும் அந்திமந்தாரையை வெஸ்பர்டைன் என்பதே சரி. பெயரில் அந்தி இருக்கிறதே என்று கிரெபஸ்குலர் போட்டுவிடாதீர்கள்.

வானிலைப் படங்களில் 'கிரெபஸ்குலர் ரேஸ்' என்று பார்த்திருப்பீர்கள். மேக இடுக்கு வழியே விசிறிபோல விரிந்து இறங்கும் ஒளிக்கற்றைகள் அவை. உண்மையில் அவை ஏறத்தாழ இணைகோடுகள். தண்டவாளம் தொலைவில் ஒன்றுசேர்வதுபோல் தெரிகிற அதே கண்மயக்கம்தான் அவை விரிவதுபோல் காட்டுகிறது. பெயர் அந்தி என்றாலும் பட்டப்பகலில் தெரியும் கற்றைகளையும் இப்படித்தான் அழைக்கிறார்கள்.

இலக்கிய நடையில் 'கிரெபஸ்குலர் லைட்', 'கிரெபஸ்குலர் க்ளூம்' என்று மங்கலையும் சோகச் சாயலையும் காட்ட வரும். பேச்சிலும் அலுவலக மின்னஞ்சலிலும் வேண்டவே வேண்டாம். "கிரெபஸ்குலர் நேரத்தில் கடற்கரையில் சந்திப்போம்" என்றால் கேட்பவர் சிரிப்பார். அங்கே 'டஸ்க்' போதும். தேர்வுக் கட்டுரையில் மதிப்பெண்ணுக்காகத் திணிப்பதும் வீண். காலை மாலை இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லவேண்டிய தேவை வந்தால், அப்போது எடுங்கள்.