தமிழ்நாட்டில் ஹம்மிங்பேர்ட் இருக்கிறதா?

வீட்டு இட்லிப்பூச் செடியில் பச்சை நிறக் குட்டிப் பறவை ஒன்று அந்தரத்தில் நின்று தேன் குடித்தது, சிறகு கண்ணாடி மாதிரி தெரிந்தது, அது ஹம்மிங்பேர்ட்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அநேகமாக நீங்கள் பார்த்தது பகலில் பறக்கும் ஹாக் மாத் வகை அந்துப்பூச்சி.

நானும் ஏமாந்தவன்தான். மாடித் தோட்டத்தில் எடுத்த வீடியோவைச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுப் பெருமையடித்தாகிவிட்டது. அப்புறம் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தலையில் இரண்டு உணர்கொம்புகள்! வயிற்றில் கருஞ்சிவப்புப் பட்டை, பின்னால் வால் மாதிரி விரிந்த முடிக்கற்றை. அழிப்பதற்குள் சித்தப்பா பார்த்துவிட்டார்.

ஹம்மிங்பேர்டில் 350 இனங்களுக்கு மேல் உண்டு; அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில்தான். நம்மூர்த் தேன்சிட்டு வேறு குடும்பம். அது பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்தேதான் குடிக்கும்.

பறவைக்கும் பூச்சிக்கும் உறவே கிடையாது. ஆனால் குழல் போன்ற பூவில் அடியில் தேன், உட்கார இடமில்லை என்றால் பறந்தபடி குடிப்பதுதான் வழி. இரண்டும் தனித்தனியாக அந்த வித்தையைக் கற்றுக்கொண்டன. வாயைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஹம்மிங்பேர்ட் அலகை நுழைத்து, நுனி பிளந்த நாக்கை நீட்டி நீட்டித் தேனை எடுக்கும். அந்துப்பூச்சிக்கு உறிஞ்சுகுழல், குடித்து முடித்ததும் கொசுவத்தி மாதிரி சுருட்டி வைத்துக்கொள்ளும். வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

நாம் ஏமாந்ததில் வெட்கமில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அமேசான் காட்டில் பதினோரு வருடம் பூச்சிகளைச் சேகரித்த ஹென்றி வால்டர் பேட்ஸ், ஹம்மிங்பேர்ட் என்று நினைத்துப் பலமுறை இந்த வகை அந்துப்பூச்சியைச் சுட்டிருக்கிறார். அங்கிருந்தவர்கள் ஒன்று மற்றொன்றாக மாறிவிடும் என்றே நம்பினார்களாம்.

கண்ணாடிச் சிறகு சமாச்சாரம் இன்னும் வேடிக்கை. கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வரும்போது சிறகில் செதில்கள் இருக்கும். முதல் சிறகடிப்பிலேயே அவை தூளாக உதிர்ந்துவிடும்.

ஹம்மிங்பேர்ட் இரண்டு முட்டையிட்டுக் குஞ்சுக்கு ஊட்டி வளர்க்கும். இது இலையில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். பக்கத்தில் காபிச் செடி இருந்தால் இலைகளைப் புரட்டிப் பாருங்கள், வாலில் கொம்பு வைத்த புழு கிடைக்கலாம். கொம்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது குத்தாது.