கர்ப்பத்தை மறைத்து பாலிசி எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 29, ஆறு மாத கர்ப்பம். தனியார் நிறுவனத்தில் 45,000 ரூபாய் சம்பளம், பிஎஃப் பிடிக்கிறார்கள். கணவருக்கு 32 வயது. சொந்தமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், அதற்குக் கடனும் உண்டு. ஏஜென்டாக இருக்கும் உறவினர், குழந்தை பிறந்ததும் ஆண்டுக்கு 50,000 ரூபாய் கட்டி சைல்டு பிளான் (குழந்தைக்காகச் சேமிக்கும் காப்பீட்டுத் திட்டம்) போடச் சொல்கிறார். எனக்கு டேர்ம் இன்சூரன்ஸ் (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) கேட்டால், "கர்ப்பம்னு ஃபார்ம்ல எழுதாதே, இழுத்தடிப்பாங்க" என்கிறார். மாமியாரோ, வயிற்றில் பிள்ளையோடு இந்தப் பேச்சே கூடாது என்கிறார். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை.

பதில்: முதலில் அந்த ஃபார்ம். மறைக்கவே மறைக்காதீர்கள். இப்போது கர்ப்பமா, எத்தனை மாதம், முன்பு கருச்சிதைவு உண்டா என்றெல்லாம் பெண்களிடம் தனியாகவே கேட்பார்கள். "இல்லை" என்று எழுதி பாலிசியும் வந்துவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவின்படி, 3 ஆண்டுகள் கடந்த பாலிசியை நிறுவனம் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் க்ளெய்ம் வந்தால் ஆஸ்பத்திரி ரெக்கார்டு வரை தோண்டிப் பார்ப்பார்கள். உங்களுக்குப் பிரசவம் இன்னும் மூன்றே மாதத்தில். எந்த பயத்துக்காக பாலிசி எடுக்கிறீர்களோ, அந்த நேரத்தில் அது கைகொடுக்காது. உறவினருக்குக் கமிஷன் மட்டும் வந்திருக்கும்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? கடைசி மூன்று மாதத்தில் பல நிறுவனங்கள், பிரசவம் முடிந்து சில வாரமோ சில மாதமோ கழித்து வரச் சொல்லும். இது நிராகரிப்பு இல்லை, ஒத்திவைப்பு. நீங்கள் அந்தக் கட்டத்தின் வாசலில் இருப்பதால், விண்ணப்பிக்கும் முன்பே இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விசாரியுங்கள். எடுத்துக்கொள்கிறோம் என்றால், பிரசவம் தொடர்பான மரணத்துக்கு விலக்கு ஏதும் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கர்ப்பகால சர்க்கரையோ பிபியோ இருந்தால், பிரசவத்துக்குப் பின் ரிப்போர்ட் சரியானதும் விண்ணப்பிப்பதே நல்லது. அப்போதும் கேட்டால் மறைக்க வேண்டாம்.

அதுவரை நீங்கள் ஒன்றுமில்லாமல் இல்லை. பிஎஃப் உறுப்பினர் என்பதால், பிஎஃப்போடு சேர்ந்தே வரும் இடிஎல்ஐ என்ற ஆயுள் காப்பீட்டுத் திட்டத்தில் அதிகபட்சம் 7 லட்சம் வரை காப்பீடு உண்டு, அதற்கு உங்கள் சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. ஆபீஸில் குரூப் டேர்ம் (ஊழியர்களுக்காக நிறுவனம் எடுக்கும் டேர்ம் பாலிசி) இருக்கிறதா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். பலர் அதை மெடிக்ளெய்மோடு குழப்பிக்கொள்கிறார்கள். மெடிக்ளெய்ம் பிரசவம் போன்ற ஆஸ்பத்திரிச் செலவுக்கு, குரூப் டேர்ம் உயிரிழப்புக்கு. பேங்கில் ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டினால் மத்திய அரசின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுத் திட்டத்தில் 2 லட்சம். புதிதாகச் சேர்ந்தால் முதல் 30 நாள் விபத்து மரணத்துக்கு மட்டும்தான் பணம் வரும், அதனால் இந்த வாரமே சேர்ந்துவிடுங்கள்.

எனக்குக் கவலையாகத் தெரிவது உங்கள் கணவர்தான். பிஎஃப் இல்லை, குரூப் பாலிசி இல்லை, மேலே கடன். இந்த வீட்டில் முதலில் டேர்ம் எடுக்க வேண்டியவர் அவர். சொந்தத் தொழில் என்பதால் வருமான வரிக் கணக்கு கேட்பார்கள். தாக்கல் செய்யாமல் இருந்தால் முதல் வேலை அதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. விண்ணப்பிக்கும்போதே, 1874-ம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் வேண்டும் என்று கேட்டு அதற்கான படிவத்தையும் நிரப்பச் சொல்லுங்கள். அந்தப் பணம் மனைவி மக்களுக்கானது, பொதுவாகக் கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியாது. பாலிசி வந்த பிறகு இதைச் சேர்க்க முடியாது.

சைல்டு பிளான்? 50,000 பிரீமியத்துக்குப் பெரும்பாலும் பத்து மடங்கு, அதாவது 5 லட்சம்தான் காப்பீடு. உங்கள் ஒரு வருடச் சம்பளமே 5,40,000. பெற்றோர் இறந்தால் மீதி பிரீமியத்தை நிறுவனமே கட்டும் வசதி சில திட்டங்களில் உண்டு, அது நல்லதுதான். ஆனாலும் இரண்டு டேர்ம் பாலிசிகளும் கைக்கு வந்த பிறகு யோசிக்கலாம். குழந்தை பிறந்த வீட்டில் முதல் வருடம் கையில் ரொக்கம் இருப்பது முக்கியம்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். இப்போது கையெழுத்துப் போடப்போவது அவர் மகன்தான் என்று சொல்லுங்கள். அதற்கும் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

அப்புறம், பிஎஃப்பில் கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினியே இன்னும் இருந்தால், யுஏஎன் (உங்கள் பிஎஃப் உறுப்பினர் எண்) கணக்கில் நுழைந்து இன்றே மாற்றுங்கள். பின்னால் பாலிசிகளில் குழந்தையை நாமினியாகச் சேர்க்கும்போது, 18 வயது வரை பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒரு பெரியவரின் பெயரும் கொடுக்க வேண்டும். அதற்கு உங்கள் கணவரையோ உங்களையோ தவிர மூன்றாவதாக நம்பகமான ஒருவர் யார் என்று இருவரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.