அந்த நெருப்பை முதலில் எடுங்கள்

வணக்கம் ஐயா,

நான் பாலையூற்றில் இருக்கிறேன். மகன் பத்தாம் தரம். நீராவி எஞ்சின் செய்யப்போகிறேன் என்று கொஞ்சக் காலமாகவே ஒற்றைக்காலில் நிற்கிறான். பால் பேணி ஒன்றின் மூடியை ஈயம் வைத்து ஒட்டி, சின்னக் குழாய் ஒன்றைப் பூட்டி, விறகடுப்பில் வைத்து, வருகிற ஆவியில் தகரச் சில்லு ஒன்றைச் சுற்றவைத்தான். இப்போது குழாயை மரக்கட்டையால் அடைத்துவைத்து, அழுத்தம் ஏறிய பிறகு கட்டையைப் பிடுங்குகிறான். சில்லு நல்ல வேகமாகச் சுற்றுகிறது. மனைவிக்குப் பயம். ஓ.எல். பரீட்சை முடியும்வரை இதெல்லாம் எதற்கு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற எஞ்சின் செட் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா, எது நல்லது? இல்லை, நீராவி பழைய சங்கதிதானே, ரோபோ வகுப்புக்கு அனுப்புவது நல்லதா? (பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

மரக்கட்டை என்ற சொல் வந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். மிச்சக் கடிதத்தைப் பிறகுதான் வாசித்தேன். இந்தப் பதிலைப் பார்க்கும் நேரத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால், தூர நின்று ஒரு நீளத் தடியால் விறகை இழுத்துவிடுங்கள், பேணிக்குக் கிட்ட யாரும் போக வேண்டாம், தானாக ஆறட்டும். நன்றாக ஆறிய பிறகு அதில் ஆணியால் ஓட்டை போட்டு எறிந்துவிடுங்கள். மகன் அழுதாலும் சரி.

மனைவி பயப்படுவதை ஒரு குறைபோல எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் நடப்பதைச் சரியாக விளங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள், சில்லு வேகமாகச் சுற்றுகிறதே என்று சந்தோஷமும் பட்டிருக்கிறீர்கள். கணக்கைக் கேளுங்கள். பால் பேணியின் மூடி ஏறக்குறைய 3 அங்குல விட்டம், அதாவது 7 சதுர அங்குலப் பரப்பு. உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் (பவுண்ட்) என்று வையுங்கள், ஒரு கார் ரயரில் இருக்கிற அளவு. மூடியை வெளியே தள்ளுகிற விசை 210 இறாத்தல், 95 கிலோ. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஈயப் பற்று. சாதாரண ஈய–வெள்ளீயப் பற்று 183 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கிவிடும், அதற்கு வெகு முன்பே பலமிழந்துவிடும். 30 இறாத்தலில் உள்ளே நீரின் வெப்பமே 134 பாகை. தண்ணீர் வற்றி ஒரு பக்கம் காய்ந்தால் அந்தப் பக்கத் தகரம் எவ்வளவு சூடாகும் என்று விறகடுப்புக்கு யார் சொல்வது?

இன்னொன்று. ஆவிதான் ஆபத்து என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஆபத்து தண்ணீரில்தான் இருக்கிறது. 134 பாகையில் திரவமாக நிற்கிற அரை லீற்றர் தண்ணீர், பேணி கிழிந்த அந்தக் கணமே 100 பாகைக்கு இறங்கப் பார்க்கும். அந்த மிச்ச வெப்பத்தில் 30 கிராமுக்குக் கிட்டத் தண்ணீர் ஒரேயடியாக ஆவியாகும். 30 கிராம் தண்ணீர் ஆவியானால் 50 லீற்றர் இடம் வேண்டும். அந்த இடத்தில் உங்கள் பிள்ளையின் முகம் இருக்கிறது.

சரி, கோபத்தில் எழுதுகிறேன். இந்தக் கோபம் எனக்குப் பெரியப்பாவிடமிருந்து வந்தது. அவர் தம்பலகாமத்துப் பக்கம் ஒரு அரிசி மில்லில் பொயிலர்காரர். நெல் அவிக்கிற பொயிலர், உமிதான் விறகு. காலையில் மில்லுக்குள் போனால் யாரோடும் ஒரு வார்த்தை கதைக்கமாட்டார். முதலில் நீர்மட்டக் கண்ணாடியின் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியே அடித்து, திரும்ப மட்டம் ஏறுகிறதா என்று பார்ப்பார். குழாய் அடைத்துக்கொண்டிருந்தால் கண்ணாடி பொய் மட்டம் காட்டும். பொயிலருக்குள் தண்ணீர் இருக்காது, கண்ணாடியில் இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் உமி போடுவார், தேத்தண்ணி குடிப்பார், எங்களோடு கதைப்பார். பள்ளி விடுமுறையில் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பொயிலரின் பாதுகாப்பு வால்வு பழைய மாதிரி, ஒரு நெம்பு தண்டில் எடை தொங்கும், அழுத்தம் கூடினால் தண்டைத் தூக்கிக்கொண்டு ஆவி வெளியேறும். பெரும்போக அறுவடை நேரம், நெல் மூட்டை மலைபோலக் குவிந்து கிடக்கிறது, வால்வோ அடிக்கடி தூக்கிச் சீறுகிறது. முதலாளி ஆள் வைத்து அந்தத் தண்டில் இன்னொரு இரும்புத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பெரியப்பா வந்து பார்த்தார். ஒருவரையும் கேட்கவில்லை. உமி போடுவதை நிறுத்தி, நெருப்பை வெளியே வாரிப்போட்டு, அழுத்தம் இறங்கும்வரை நின்று, அந்த இரும்பை அவிழ்த்து முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தப் போகம் முழுக்க வேலை இல்லை. பெரியம்மா திட்டிக்கொண்டேதான் இருந்தா, ஆனால் போய் மன்னிப்புக் கேளுங்கள் என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

உங்கள் மகனின் மரக்கட்டையும் அந்த இரும்புத் துண்டும் ஒன்றுதான்.

நீராவி பழைய சங்கதி என்கிறீர்கள். சீனக்குடா எண்ணெய்க் குதங்கள், அந்தப் பெரிய எண்ணெய்த் தாங்கிகள், யாருக்கு என்று நாடே வாதாடியிருக்கிறது, 99 குதங்கள் எதற்காக எங்கள் திருகோணமலையில் வந்து நிற்கின்றன என்று கேட்கிறவரை நான் காணவில்லை. பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் பொயிலர்களுக்கு எரிக்க எண்ணெய் வேண்டியிருந்தது. தண்ணீர் கொதிக்கவைக்கத்தான் அவ்வளவும். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி யப்பான் விமானங்கள் வந்து இந்த ஊரில் குண்டு போட்டதற்குப் பின்னாலும் அந்தத் துறைமுகமும் அந்தக் கப்பல்களும்தான் இருக்கின்றன. இன்றைக்கு உங்கள் வீட்டு மின்குமிழுக்கு நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தால் அதுவும் நீராவி சுற்றிய சில்லுதான், 300 மெகாவாட் வீதம் மூன்று. சம்பூரில் கட்டுவதாக இருந்து 2016இல் கைவிட்ட நிலக்கரி நிலையமும் அதே வேலையைத்தான் செய்திருக்கும். உங்கள் மகன் தகரத்தை வெட்டிச் சுற்றவைத்தது ஒரு டேர்பைன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவன் அந்த இடத்துக்கு வந்திருக்கிறான் என்று நினைக்க எனக்கு நெஞ்சு நிறைகிறது. அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

இனிச் செய்யவேண்டியது. பொயிலரைக் கடைசிக்குத் தள்ளுங்கள், முதலில் எஞ்சின். சிலிண்டரே ஆடுகிற எஞ்சின்தான் எல்லாவற்றிலும் இலகு. பித்தளைக் குழாய் ஒரு துண்டு, அதற்குள் இறுக்கமாகவும் வழுக்கலாகவும் ஓடுகிற பிஸ்டன், பிஸ்டன் தண்டு நேரே கிராங்கில், அதாவது சில்லைச் சுற்றவைக்கும் கையில். தனி வால்வு கிடையாது. சிலிண்டர் ஒரு பக்கம் சாயும்போது அதன் முகத்தில் உள்ள துளை ஆவி வரும் துளைக்கு நேரே வரும், மற்றப் பக்கம் சாயும்போது வெளியேறும் துளைக்கு. இரண்டு தட்டை முகங்களும் நன்றாகப் பொருந்தவேண்டும், எஞ்சினின் உயிர் அங்கேதான். கண்ணாடித் துண்டின்மேல் நுண்ணிய உப்புத்தாளை வைத்துத் தேய்க்கட்டும், பொறுமை வேண்டும். சில்லுக்குப் பழைய கசெற் ரேடியோவுக்குள் இருக்கும் உலோகச் சில்லு போதும். இதையெல்லாம் காற்றில் ஓட்டுங்கள். சைக்கிள் பம்ப் போதும்.

முதல் முறை ஓடாது. நாலு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். ஆவியில் ஓட்டும்போது இன்னும் மோசமாக இருக்கும், ஏனென்றால் சின்னச் சிலிண்டர் ஆவியை வேகமாகக் குளிரவைக்கும். அளவைப் பாதியாக்கினால் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிறது, சுவர்ப்பரப்போ நாலில் ஒன்றாகத்தான் குறைகிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நியூகொமன் எஞ்சின் என்ற அந்தக்கால நீராவி எஞ்சினின் சின்ன மாதிரி ஒன்றைத் திருத்தக் கொடுத்தபோது ஜேம்ஸ் வாட் மாட்டிக்கொண்டதும் இந்த இடத்தில்தான், கொஞ்சம் ஓடி நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்று நோண்டப் போய்த்தான் 1765இல் தனிக் குளிர்கலன், அதாவது ஆவியைச் சிலிண்டருக்கு வெளியே வைத்துக் குளிரவைக்கும் கலன், அவருக்குத் தோன்றியது. மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

எஞ்சின் காற்றில் ஓடிய பிறகு பொயிலர். செம்புக் குழாய், செம்புத் தட்டு, வெள்ளி கலந்த பற்றுக்கம்பி. ஈயம் வேண்டவே வேண்டாம். தட்டையான முனைகளுக்கு நடுவே இழுத்துப்பிடிக்கும் தண்டு ஒன்று வேண்டும். பாதுகாப்பு வால்வும் அழுத்தமானியும் இல்லாமல் நெருப்பு மூட்டக்கூடாது. அதற்கும் முன்னால் குளிர்ந்த தண்ணீர்ச் சோதனை. பொயிலருக்குள் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் தண்ணீரால் நிரப்பி, சின்னக் கைப்பம்பால் வேலை அழுத்தத்தின் இரண்டு மடங்குக்கு ஏற்றி, வைத்துப் பார்க்கவேண்டும். 30 இறாத்தலில் ஓட்டுவதென்றால் 60. ஏன் தண்ணீர் என்று மகன் கேட்பான், கேட்கவேண்டும். 60 இறாத்தலில் அரை லீற்றர் தண்ணீர் இரண்டு துளி அளவுக்குத்தான் சுருங்கும். எங்காவது பிளந்தால் அந்த இரண்டு துளி வெளியே வந்ததும் அழுத்தம் பூச்சியம், பிறகு ஒழுகுவது மட்டும்தான். காற்றால் சோதித்தால் அது குண்டு. காற்றால் சோதிக்கவேண்டாம், திரும்பவும் சொல்கிறேன், காற்றால் பொயிலரைச் சோதிக்கவேண்டாம். சோதனை பிழைத்தால் திரும்பப் பற்றவைத்துத் திரும்பச் சோதியுங்கள்.

வெளிநாட்டுச் செட் பற்றிக் கேட்டீர்கள். வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், அதில் எனக்கு அபிப்பிராயம் இல்லை. ரோபோ வகுப்புக்கும் போகட்டும். சொந்தக்காரர்களுக்கு நான் பதில் எழுதமாட்டேன்.

பற்றவைப்பை மட்டும் மகனிடம் விடாதீர்கள், நீங்களும் செய்யாதீர்கள். குளிர்சாதனப்பெட்டி திருத்துகிறவர்கள் செம்புக் குழாயில் நாளாந்தம் செய்கிற வேலை அது. அப்படி நல்ல கைகாரர் ஒருவரைத் தேடிப் போங்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள். போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். செம்பு சிவக்கிற நிறமும், கம்பி உருகி இடுக்குக்குள் ஓடுகிற விதமும் அவன் பார்க்கவேண்டும். எஞ்சின் காற்றில் ஓடியதும் எனக்கு எழுதுங்கள், பொயிலருக்கு எந்தத் தடிப்பில் செம்பு வேண்டும் என்ற கணக்கை அவனோடு இருந்து போடுவோம்.