கேலரியில் காணாத படங்கள் போனுக்குள் எங்கே இருக்கும்? எப்படி எடுத்துப் பத்திரப்படுத்துவது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: மெமரி நிறைந்துவிட்டது என்று போன் சொல்கிறது, கேலரியைத் திறந்தால் அவ்வளவு படங்கள் இல்லை. எப்போதோ மறைத்து வைத்த சில படங்களும் கண்ணில் படவில்லை.

தேடி முடிக்கும்வரை எந்த ஆப்பையும் நீக்காதீர்கள். 'கிளீனர்' ஆப் எதையும் ஓட்டாதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகச் செய்யலாம். நான் இதைத் தெரிந்துகொண்ட விதம் வலி மிகுந்தது.

அப்பாவின் கடைசி மாதங்களில் எடுத்த படங்கள் என் போனில் இருந்தன. மருத்துவமனைக் கட்டிலில், மூக்கில் குழாயோடு சிரிக்க முயன்ற முகம். அவர் போன பிறகு, கேலரியில் வேறு எதையாவது தேடும்போது அந்தப் படங்கள் திடீரென்று எதிரே வந்து நிற்கும். அழிக்க மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. அதனால் கால்குலேட்டர் போலத் தோன்றும் ஒரு மறைப்பு ஆப்பில் எல்லாவற்றையும் போட்டு வைத்தேன். ஓராண்டு கழித்து போன் மாற்றினேன். மற்ற ஆப்களோடு அந்த ஆப்பும் புது போனுக்கு வந்தது, ஆனால் திறந்தால் உள்ளே காலி. பழைய போனை அதற்குள் ரீசெட் செய்து கைமாற்றிவிட்டிருந்தேன்.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. இப்படிப்பட்ட ஆப்கள் பல, படத்தைக் கேலரியிலிருந்து எடுத்துத் தங்களுக்கென்று உள்ள இடத்தில் வைத்துக்கொள்கின்றன. அந்த இடம் கூகுள் போட்டோஸின் பேக்கப்பில் சேராது. ஆப்பை நீக்கினால் அதற்குச் சொந்தமான இடத்தையும் ஆண்ட்ராய்டு சேர்த்தே அழித்துவிடும். ஏற்கெனவே வேறெங்கும் பேக்கப் ஆகியிருக்காவிட்டால், மறைத்த நாளிலிருந்து அந்தப் படத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் என்று ஆகிவிடுகிறது. உங்கள் படங்களும் இப்படி ஓர் ஆப்பில் இருந்தால், முதல் வேலையாக அதைத் திறந்து, 'அன்ஹைட்' அல்லது 'ரீஸ்டோர்' கொடுத்துப் படங்களைக் கேலரிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வந்துவிட்டதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகு ஆப்பை நீக்கலாம்.

சரி, எந்த ஆப்பிலும் போடாமலே மறைந்த படங்கள்? ஆண்ட்ராய்டில் இதற்கு இரண்டு எளிய காரணங்கள் உண்டு. ஃபோல்டரின் பெயர் புள்ளியில் தொடங்கினால் அது மறைவான ஃபோல்டர். அல்லது ஃபோல்டருக்குள் '.நோமீடியா' (.nomedia) என்ற பெயரில் ஒரு வெற்று ஃபைல் கிடந்தால், கேலரி அந்த ஃபோல்டரை எட்டிப் பார்க்காமல் கடந்துவிடும். படம் பூட்டப்படவும் இல்லை, மாற்றப்படவும் இல்லை. இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது, மெமரியையும் அடைத்துக்கொண்டிருக்கிறது.

இவற்றைப் பார்க்க கூகுளின் ஃபைல்ஸ் ஆப்பைத் திறந்து, செட்டிங்ஸில் 'ஷோ ஹிடன் ஃபைல்ஸ்' என்பதை ஆன் செய்யுங்கள். சாம்சங்கின் மை ஃபைல்ஸ் ஆப்பிலும் இதே வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு ஃபோல்டராக இறங்கிப் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் அவசரப்படாதீர்கள்.

பெரும்பாலானவர்களுக்குப் புதையல் கிடைப்பது வாட்ஸ்அப்பில்தான். வந்த படங்களைக் கேலரியில் காட்டும் 'மீடியா விசிபிலிட்டி' என்ற செட்டிங் ஆஃப் ஆகியிருந்தால், வரும் படங்கள் கேலரியில் தெரியாத 'பிரைவேட்' என்ற ஃபோல்டருக்குப் போகும். நீங்கள் அனுப்பியவை 'சென்ட்' ஃபோல்டரில் இருக்கும், அதுவும் கேலரியில் வராது. இப்போதைய போன்களில் வழி இப்படிப் போகும்: ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா, வாட்ஸ்அப் இமேஜஸ். அந்த செட்டிங்கை இப்போது ஆன் செய்தாலும் இனி வரும் படங்களுக்குத்தான் பலன், பழையவை தானாக வெளியே வராது. வேண்டியதைத் தேர்ந்தெடுத்து 'பிக்சர்ஸ்' ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள், கேலரியில் தெரிந்துவிடும். வேண்டாத காலை வணக்கப் படங்களை அங்கேயே அழித்தால் மெமரியும் கணிசமாகக் காலியாகும்.

எனக்குக் கை கொடுத்ததும் இந்த ஃபோல்டர்தான். மருத்துவமனையிலிருந்து சில படங்களை அக்காவுக்கு அனுப்பியது நினைவுக்கு வந்தது. அவளுடைய கேலரியில் அவை இல்லை, பழைய உரையாடலையும் எப்போதோ அழித்துவிட்டாள். ஆனால் அப்படி அழித்தபோது படங்களையும் சேர்த்து அழிக்கும் கட்டத்தில் அவள் டிக் செய்திருக்கவில்லை. அவள் போனை வாங்கி, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தேடினேன். 'பிரைவேட்' ஃபோல்டரில் 11 படங்கள் இருந்தன. வாட்ஸ்அப் சுருக்கியதால் தெளிவு குறைந்தவை. நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்னும் சில இடங்களைப் பார்த்துவிடுங்கள். கேலரியின் குப்பைத் தொட்டி முதலில். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் அழித்த பிறகு 60 நாள் அங்கே இருக்கும், பேக்கப் ஆகாதது 30 நாள். சாம்சங் கேலரியிலும் 30 நாள். ஷாவ்மி போன் என்றால் கேலரியின் ஆல்பம் பக்கத்தைக் கீழே இழுத்துப் பிடித்தால் மறைத்த ஆல்பம் திறக்கும். ஓப்போ, ரியல்மி போன்களில் 'பிரைவேட் சேஃப்', சாம்சங்கில் 'செக்யூர் ஃபோல்டர்'. இவை உண்மையாகவே பூட்டப்பட்டவை, ஃபைல் ஆப்பில் தேடினால் கிடைக்காது, கடவுச்சொல் வேண்டும். ரீசெட் செய்தால் போனில் இருக்கும் அந்தப் பிரதி போய்விடும்.

ஐபோன்காரர்களுக்கு வேலை சுலபம். போட்டோஸ் ஆப்பில் கீழே போனால் 'ஹிடன்' ஆல்பம் இருக்கும். 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் அது முகம், விரல் அல்லது பாஸ்கோடு கேட்டுத்தான் திறக்கும். ஆல்பமே தெரியவில்லை என்றால், போட்டோஸ் செட்டிங்ஸில் 'ஷோ ஹிடன் ஆல்பம்' ஆஃப் ஆகியிருக்கும். ஐகிளவுட் போட்டோஸ் ஆனில் இருந்தால் மறைத்தவையும் அங்கே பத்திரமாக இருக்கும். அதே கணக்கில் உள்ள ஐபேடிலும் அவை மறைந்த நிலையில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு என் கருத்து: எதற்காக மறைக்கிறீர்கள் என்று முதலில் உங்களையே கேளுங்கள். தினமும் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான் என்றால் பூட்டே வேண்டாம். கூகுள் போட்டோஸில் 'ஆர்க்கைவ்' செய்தால் முதல் பக்கத்திலிருந்து விலகிவிடும், பேக்கப்பில் இருக்கும், தேடினால் கிடைக்கும். பழைய படங்களை அந்த ஆப் தானாக எடுத்துக் காட்டும் 'மெமரீஸ்' பகுதியின் செட்டிங்ஸில் ஒருவரின் முகத்தையோ சில தேதிகளையோ வராமல் செய்யவும் வழி இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. எனக்கு அன்று தேவைப்பட்டது இதுதான்.

அடையாள ஆவணங்கள், மருத்துவப் படங்கள், யாரும் பார்க்கக் கூடாதவை என்றால் பூட்டிய இடம் வேண்டும். கூகுள் போட்டோஸின் 'லாக்டு ஃபோல்டர்' நல்லது. ஆனால் அதன் பேக்கப்பைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் படம் போனில் மட்டுமே இருக்கும், ஆப்பின் டேட்டாவை அழித்தால் அதுவும் போய்விடும். புள்ளி வைத்த ஃபோல்டரை இதற்கு நம்பவே வேண்டாம், பூட்டுத் திறந்த போனைக் கம்ப்யூட்டரில் கேபிளால் மாட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போனைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோட்', பிக்சலில் 'ரிப்பேர் மோட்' போட்டுக் கொடுங்கள். அப்போது உங்கள் படங்கள் எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

இதே வழிகளைத் துணையின் போனிலோ பிள்ளைகளின் போனிலோ அவர்களுக்குத் தெரியாமல் முயல வேண்டாம் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன். மறைத்து வைத்ததற்கு என்னைப் போல ஒரு காரணம் அவர்களுக்கும் இருக்கலாம்.

அந்த 11 படங்களும் இப்போது என் ஆர்க்கைவில் இருக்கின்றன, ஒரு பிரதி ஹார்டு டிஸ்க்கில், இன்னொன்று அக்காவிடம். அப்பாவின் பிறந்தநாளில் திறந்து பார்க்கிறேன். குழாயோடு சிரிக்க முயன்ற அந்தப் படம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.