ஆடு நனைகிறதே என்று அழுவது யார்?

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஓநாய்களைக் கொண்டுவந்து காட்டில் விட்டதற்கு வேட்டைக்காரர்கள் எதிர்ப்பாமே! எல்க் மான்களெல்லாம் தீர்ந்துபோகும் என்று கவலைப்படுகிறார்களாம். துப்பாக்கியோடு அலைகிறவர்கள் மானுக்காகக் கண்ணீர் விடுவது, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதானே? எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய் வந்ததும் ஆறே பாதை மாறியது என்று வீடியோவில் பார்த்தேன். இவர்களை எதற்கு ஒரு பொருட்டாக மதிக்க வேண்டும்? நீங்கள் யார் பக்கம்?
— வாசகர், திருப்பூர்

பதில்: பழமொழி கச்சிதம். ஆள்தான் தப்பு.

நம் நாட்டில் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்றாலே குற்றம், வேட்டைக்காரன் என்றாலே போலீஸ் தேடும் ஆள். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொலராடோவைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அங்கே வேட்டை என்பது அரசாங்கமே நடத்தும் காரியம். மாநில வனவிலங்குத் துறை ஒவ்வொரு குளிர்காலமும் மந்தைகளை எண்ணி, எந்தப் பகுதியில் எத்தனை ஆண், எத்தனை பெண் சுடலாம் என்று கணக்குப் போட்டு லைசென்ஸ் கொடுக்கிறது. வெளிமாநிலத்துக்காரர் ஓர் ஆண் எல்க்கைச் சுட 700 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். சுட்டாலும் சுடாவிட்டாலும் பணம் திரும்பாது. முக்கால்வாசிப் பேர் வெறுங்கையோடுதான் வீடு திரும்புகிறார்கள். இது போக, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937-ம் வருடச் சட்டப்படி 10, 11 சதவீத வரி. அந்தப் பணமும் மாநில வனவிலங்குத் துறைகளுக்கே போகிறது.

இன்னொரு சங்கதி. கடமானைவிடப் பெரிதான இந்த எல்க் கூட அங்கே ஒரு காலத்தில் ஏறக்குறையத் துடைத்தெறியப்பட்ட மிருகம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், இறைச்சிக்காகக் கண்டபடி சுட்டுத் தள்ளியதில் மிஞ்சியவை மிகச் சொற்பம். அப்புறம் வயோமிங்கிலிருந்து எல்க்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். லைசென்ஸ் காசில் வளர்த்தார்கள். இன்றைக்கு சுமார் 2,80,000 எல்க். அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. ஆக, வேட்டைக்காரர் அழுவது ஆடு நனைகிறதே என்று அல்ல. ஆட்டுக்குத் தீவனம் போட்டது நாங்கள், பந்தியில் உட்கார ஆள் கூட்டிவருவது நீங்களா என்று. சுயநலம்தான். ஆனால் பாசாங்கு இல்லாத சுயநலம்.

சரி, அந்தப் பயத்தில் சரக்கு இருக்கிறதா?

மாநிலம் முழுவதற்குமாகப் பார்த்தால் ரொம்ப இல்லை. 2023 டிசம்பரில் ஆரிகனிலிருந்து 10 ஓநாய்கள், 2025 ஜனவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 15. மொத்தம் 25. அதிலும் கணிசமானவை செத்துப்போய்விட்டன. மாநிலத்தின் திட்டப்படி 200 ஓநாய்கள் ஆகிவிட்டால் 'அருகிவரும் இனம்' பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். ஓர் ஓநாய் வருடத்துக்கு 20 எல்க் தின்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள், 200 ஓநாய்க்கு 4,000. வேட்டைக்காரர்கள் சுடுவதோ வருடத்துக்கு 35,000 முதல் 40,000 வரை. 4,000 போனால் குடி முழுகிவிடும் என்பவர், 40,000 போயும் முழுகாதது எப்படி என்றும் சொல்ல வேண்டும்.

வடக்கே உள்ள மாநிலங்களும் இதையே சொல்கின்றன. 1995-96-ல் எல்லோஸ்டோனிலும் மத்திய ஐடஹோவிலும் ஓநாய்களை விட்டார்கள். வயோமிங், ஐடஹோ, மொன்டானா என்று மூன்று மாநிலங்களில் எல்க் அழியும் என்று அன்றைக்கும் இதே கூச்சல். முப்பது வருடம் கழித்து வயோமிங்கில் ஒரு லட்சத்துக்கு மேல் எல்க் இருக்கிறது. மொன்டானாவில் அன்று இருந்ததைவிட அதிகமாகவே இருக்கிறது.

இங்கேயே நிறுத்தினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் யாரும் ஒரு மாநிலத்தின் சராசரிக்குள் போய் வேட்டையாடுவதில்லை. வேட்டைக்காரர் அப்பா காலத்திலிருந்து கூடாரம் போடும் ஒரு பள்ளத்தாக்குக்குப் போகிறார். அங்கே நிலைமை வேறாக இருக்கலாம். ஐடஹோவின் லோலோ பகுதியில் 1980-களின் கடைசியில் சுமார் 16,000 எல்க். 2010-ல் சுமார் 2,000. இதில் ஓநாய் மட்டும் குற்றவாளி அல்ல. புல்வெளி காடாக மூடிக்கொண்டது. 1996-97-ல் ஒரு கொடிய குளிர்காலம் வந்தது. கரடியும் குட்டிகளைத் தின்றது. ஏற்கெனவே விழுந்து கிடந்த மந்தையை எழவிடாமல் செய்ததில் ஓநாய்க்குப் பங்கு உண்டு. லோலோவில் வேட்டையாடி வளர்ந்த ஒருவரிடம் போய் 'மாநிலச் சராசரி பிரமாதம்' என்று சொல்லிப் பாருங்கள்.

எல்லோஸ்டோனின் வடக்கு மந்தையும் அப்படித்தான். 1990-களின் நடுவில் சுமார் 19,000. 2013 வாக்கில் 4,000-க்கும் கீழே. வேட்டைக்காரர்கள் எடுத்ததும் இந்தக் கணக்கைக் காட்டுவார்கள். அவர்கள் காட்டாத பக்கம் ஒன்றும் இருக்கிறது. பனிக்காலத்தில் பூங்காவைவிட்டு வெளியே வரும் எல்க்குகளைச் சுட, மொன்டானாவில் கார்டினர் ஊரை ஒட்டித் தனி வேட்டை சீசனே நடந்தது. குறி பெரும்பாலும் பெண் எல்க். செத்த பெண் எல்க்குகளின் வயதை ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஓநாய் அடித்தவற்றின் சராசரி சுமார் 14. துப்பாக்கிக்குப் பலியானவற்றின் சராசரி 6, 7. ஆறு வயதுப் பெண் எல்க் வருடா வருடம் குட்டி போடும் பருவத்தில் இருப்பது. பதினாலு என்றால் கிழடு. மந்தை சுருங்கியதற்கு யார் எவ்வளவு பொறுப்பு என்று இதை வைத்து நீங்களே யோசியுங்கள்.

எண்ணிக்கை குறையாமலே வேட்டை கெடுவதும் உண்டு. ஓநாய் நடமாட்டம் உள்ள இடத்தில் எல்க் திறந்தவெளியில் நின்று மேயத் தயங்கும், மரத்தடிக்குள் ஒதுங்கும், ஓநாயைச் சகிக்காத தனியார் பண்ணை நிலத்துக்குள் நுழைந்துகொள்ளும். அங்கே அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. பொதுக் காட்டில் ஐந்து நாள் சுற்றி ஒன்றையும் பார்க்காதவர் 'எல்லாவற்றையும் ஓநாய் தின்றுவிட்டது' என்றால் கணக்குத் தப்பு, அனுபவம் நிஜம்.

அதே சமயம், ஓநாய் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டிவிடுவதும் நடக்கிறது. 2022-23 குளிர்காலத்தில் கொலராடோவின் வடமேற்கு மூலையில் பனி இறுகிப்போய், எல்க்கும் மானும் புல்லைத் தோண்டி எடுக்க முடியாமல் கொத்துக்கொத்தாகச் செத்தன. அந்தப் பகுதியின் லைசென்ஸுகளைத் துறை வெகுவாகக் குறைத்தது. அப்போது ஆரிகன் ஓநாய்கள் ஆரிகனிலேயே இருந்தன. பனிச்சறுக்குக்குப் பேர்போன வேல் (Vail) என்ற ஊர்ப் பக்கத்தில் 1990-களிலேயே ஓர் ஆய்வு நடந்தது. குட்டி ஈனும் பருவத்தில் ஆட்கள் போய்ப் போய் விரட்டினால், தாய்க்குப் பின்னால் நிற்கும் குட்டிகள் குறைகின்றன என்று அதில் தெரிந்தது. மலைப்பாதையில் சைக்கிள் விடுகிறவர், நாயோடு நடக்கிறவர், மலையில் புது வீடு கட்டுகிறவர் — இவர்களுக்கு எதிராக ஏன் யாரும் கூட்டம் போடுவதில்லை?

அடுத்து உங்கள் வீடியோ. ஓநாய் வந்ததால் ஆறு பாதை மாறியது என்பது கேட்க இனிக்கும் கதை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எல்லோஸ்டோனின் ஓடைக்கரைகளில் இருபது வருடம் காத்திருந்து பார்த்தார்கள். எழுபது வருடம் இல்லாமல் போன மிருகத்தைத் திரும்பக் கொண்டுவந்து விட்டதால் மட்டும் கரையோர வில்லோ புதர்கள் பழையபடி எழுந்துவிடவில்லை என்பதுதான் முடிவு. 2024-ல் வெளியானது. வேட்டைக்காரர் லோலோவைக் காட்டிப் பயமுறுத்துகிறார், ஓநாய் அபிமானி ஆற்றைக் காட்டி மயக்குகிறார். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

இனிமேல்தான் நிஜமான சண்டை. அது மானைப் பற்றியதே அல்ல.

2020 நவம்பரில் கொலராடோ மக்கள் ஓட்டுப் போட்டு இதை முடிவு செய்தார்கள். 'முன்மொழிவு 114'. ஆதரவு 50.9 சதவீதம். முப்பது லட்சத்துக்கும் மேல் விழுந்த ஓட்டில் வித்தியாசம் சுமார் 57,000. கரையேற்றியவை டென்வர், போல்டர் போன்ற மலைக்குக் கிழக்கே உள்ள நகரங்கள். ஓநாயை விடச் சொன்ன இடமோ மலைக்கு மேற்கே. அங்கே பெரும்பாலான மாவட்டங்கள் வேண்டாம் என்றுதான் ஓட்டுப் போட்டன. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

செலவைப் பாருங்கள். ஓட்டுப்போட்டவர்களுக்கு அரசு கொடுத்த கையேட்டில், திட்டம் முழுவீச்சில் நடக்கும்போது ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் டாலர் ஆகும் என்று போட்டிருந்தது. ஒதுக்குவது ஆண்டுக்குச் சுமார் 21 லட்சம். பறிகொடுத்த ஒரு மாட்டுக்கு 15,000 டாலர் வரை நஷ்டஈடு உண்டு. அதற்காக வருடத்துக்கு மூன்றரை லட்சம் டாலர் தனியே வைத்தார்கள். முதல் வருடத்துச் சேதத்துக்கு வந்த மனுக்களே அதைத் தாண்டிவிட்டன. பொது நிதியில்தான் செலவு, லைசென்ஸ் பணத்தில் கை வைக்கவில்லை என்கிறது அரசு. பொது நிதி வற்றும் வருடத்தில் என்ன செய்வீர்கள் என்று வேட்டைக்காரர் கேட்கிறார். கேட்கத்தானே வேண்டும்?

காரியத்தைச் செய்த விதமும் சுகமில்லை. 2023 டிசம்பர் 18 அன்று கிராண்ட் மாவட்டத்தில் கவர்னர் ஜாரட் போலிஸ் நேரில் நிற்க, கூண்டுக் கதவுகள் திறந்தன. ஐந்து ஓநாய்கள் பனியில் இறங்கி ஓடின. படம் அழகாகத்தான் வந்தது. வயோமிங்கும் ஐடஹோவும் மொன்டானாவும் ஓநாய் தர மறுத்துவிட்டதால் ஆரிகனிடம் வாங்கினார்கள். வந்தவற்றில் அங்கே ஏற்கெனவே மாடடித்துப் பழகிய கூட்டங்களைச் சேர்ந்தவையும் இருந்தன. சில மாதத்தில் கிராண்ட் மாவட்டத்துப் பண்ணைகளில் கன்றுகள் விழ ஆரம்பித்தன. அங்கே குட்டி போட்டிருந்த காப்பர் கிரீக் என்ற ஓநாய்க் கூட்டத்தை 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் பிடித்து அடைத்தார்கள். பிடிபட்ட சில நாளில் அதன் தகப்பன் ஓநாய் செத்தது. 2025 ஜனவரியில் மிச்சத்தை வேறு மாவட்டத்தில் விட்டார்கள். மறுபடி மாடுகள் செத்தன. நம்பிக்கை எங்கிருந்து வரும்?

வடமேற்கில் கிரேய்க் என்றொரு ஊர். 'உலகின் எல்க் வேட்டைத் தலைநகரம்' என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அனல்மின் நிலையமும் நிலக்கரிச் சுரங்கமும் மூடுவிழாவை எதிர்பார்த்து நிற்கும் ஊர். அக்டோபரில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டையோடு வரும் கூட்டம்தான் (இப்போது பிங்க்கும் போடலாம், சட்டமே அனுமதிக்கிறது) மோட்டல்காரருக்கும், இறைச்சி வெட்டிப் பொட்டலம் கட்டிக் கொடுப்பவருக்கும், குதிரையோடு காட்டுக்குள் கூட்டிப்போகும் வழிகாட்டிக்கும் வருட வருமானம். லைசென்ஸ் பாதியாகக் குறைந்தால் அடி விழுவது இங்கே. போல்டரின் காபிக்கடையில் அது கேட்காது.

வேட்டைக்காரருக்கு ஒரு பழைய காயமும் உண்டு. 1992-ல் வசந்தகாலக் கரடி வேட்டையை ஓட்டுப் போட்டுத் தடுத்தார்கள். 1996-ல் கண்ணி வைப்பதைத் தடுத்தார்கள். 2020-ல் ஓநாய். அடுத்து எங்கள் எல்க்கா என்று பயப்படுகிறார்கள். ஓநாய்த் திட்டத்தின் வரைவில், எண்ணிக்கை பெருகிய பிறகு அதை வேட்டை விலங்காக அறிவிக்கலாம் என்று ஒரு நான்காம் கட்டம் இருந்தது. இறுதி வடிவத்தில் அதை எடுத்துவிட்டார்கள். சந்தேகத்துக்கு எண்ணெய் வார்த்தது மாதிரி ஆயிற்று.

ஆனால் வனவிலங்கு நிர்வாகத்தை வாக்குப்பெட்டியில் முடிவு செய்யக்கூடாது என்று நான்கு வருடம் புலம்பியவர்கள், 2024-ல் மலைச்சிங்க (பூமா) வேட்டையைத் தடைசெய்யும் முன்மொழிவு வந்தபோது ஊர் ஊராகப் பிரசாரம் செய்து, அதே வாக்குப்பெட்டியில் ஏறக்குறைய 55-க்கு 45 என்று ஜெயித்தார்கள். ஓநாய்க்கு ஆதரவாக விழுந்த ஓட்டுகளில் கொஞ்சம் இந்தத் தடவை இவர்கள் பக்கம் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும். டென்வர்காரர் இவர்கள் நினைக்கும் அளவுக்குக் காது கேளாதவர் அல்ல.

நான் யார் பக்கம்? அங்கே எனக்கு ஓட்டு இருந்திருந்தால் 2020-ல் ஓநாய்க்குத்தான் போட்டிருப்பேன். 1940-களில் அரசே ஆள் வைத்துச் சுட்டும் விஷம் வைத்தும் ஒழித்த மிருகம். இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல் எல்க் உள்ள மாநிலத்தில் அதற்கு இடமில்லை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. போட்ட கையோடு, நஷ்டஈட்டுப் பணத்தை முழுசாகப் பொது நிதியிலிருந்து கொடு, மாட்டைத் திரும்பத் திரும்ப அடிக்கும் கூட்டத்தைப் பிடித்து இடம் மாற்றிக்கொண்டிருக்காமல் அங்கேயே முடி, ஒரு பள்ளத்தாக்கில் குட்டிகள் குறைந்தால் அந்தப் பள்ளத்தாக்கின் கணக்கை வைத்துப் பேசு என்றும் கேட்டிருப்பேன். இந்த மூன்றையும் முதலில் கேட்டது நான் அல்ல. நீங்கள் பொருட்டாக மதிக்க வேண்டாம் என்கிறீர்களே, அவர்கள்தான்.