டிசென்டன்ட்ஸ் குழுவை எந்தப் பதிவிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

காரைக்குடியில் நண்பர்களுடன் இசைக்குழு தொடங்கியுள்ள தாங்கள், வேகமான பங்க் ராக்கில் பாப் மெட்டுகளைக் கலக்கும் பாப் பங்க் இசையின் முன்னோடிகளான டிசென்டன்ட்ஸை எங்கிருந்து கேட்பது என்று வினவியிருக்கிறீர்கள். 1982இல் வெளிவந்த 'மைலோ கோஸ் டு காலேஜ்' தொகுப்பே சரியான தொடக்கம். கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் 1970களின் இறுதியில் உருவான இக்குழு, நியூ அலையன்ஸ் என்னும் சிறு நிறுவனத்தின் வழியே வெளியிட்ட இத்தொகுப்பின் 15 பாடல்களும் ஏறத்தாழ 22 நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. வேகம் பங்கினுடையது, கூடவே பாடத் தூண்டும் மெட்டோ பாப்பினுடையது. பாடகர் மைலோ ஆக்கர்மன் உயிரியல் படிக்கக் கல்லூரிக்குச் சென்றதையே தலைப்பு சொல்கிறது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யச் சென்றவர்களை வழியனுப்பிப் பழகிய செட்டிநாட்டாருக்கு அந்தப் பிரிவின் கனம் தெரியும். அடுத்த தொகுப்பு 1985இல்தான் வந்தது. டோனி லொம்பார்டோவின் பேஸ் கிட்டார், தாளத்துக்குத் துணையாக மட்டும் நில்லாமல் தனி மெட்டாகவே ஓடுவதைத் தங்கள் குழுவில் பேஸ் வாசிப்பவர் ஹெட்போனில் அவசியம் கேட்க வேண்டும்.